விசுவாசத்தோடு ஒரு கலைத்தொழில், இளைஞர்களுக்கு ஒரு கூடுமிடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைத்திறமையை வைத்து ஒரு சின்னத் தொழில் தொடங்க வேண்டும், அதோடு சாயங்காலம் இளைஞர்கள் வந்து உட்கார ஓர் இடமும் திறக்க வேண்டும் என்று ஜெபித்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். டிசைன், போட்டோ, இசைப்பதிவு, தையல், மரவேலை என்று தொழில் ஆளுக்கு ஆள் மாறும். கேள்விகள் மட்டும் பெரும்பாலும் இவைதான். கிறிஸ்தவ விசுவாசத்தில் நின்று எழுதிய பதில்கள் இவை.

இது ஆண்டவர் தந்த பாரமா, என் சொந்த ஆசையா? எப்படித் தெரிந்துகொள்வது?

ஆசை இருக்கிறது என்பதாலேயே அது மாம்சம் என்று பயந்துவிட வேண்டாம். பெர்சிய ராஜாவிடம் பானபாத்திரக்காரராக இருந்த நெகேமியாவைப் பாருங்கள். எருசலேமின் அலங்கம் இடிந்து கிடக்கிறது என்று கேள்விப்பட்டதும் உட்கார்ந்து அழுதார், உபவாசித்து ஜெபித்தார். செய்தி வந்தது கிஸ்லேயு மாதம், ராஜாவிடம் வாய் திறந்தது நிசான் மாதம். நடுவில் ஏறக்குறைய 4 மாதம். "உனக்கு என்ன வேண்டும்" என்று ராஜா கேட்டபோது, எத்தனை காலம் ஆகும், யார் யாருக்குக் கடிதம் வேண்டும், மரம் எங்கிருந்து வர வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. எருசலேமுக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் யாரிடமும் சொல்லாமல், ராத்திரியில் எழுந்து போய் இடிபாடுகளைத் தன் கண்ணால் பார்த்தார். அதற்குப் பிறகுதான் "வாருங்கள், கட்டுவோம்" என்றார்.

அழுத அதே மனுஷன்தான் அளந்தும் பார்த்தார். நான் இந்தப் பக்கம் முழுக்கச் சொல்லப்போவதும் அதுதான். ஜெபிக்கிறவர் கணக்குப் போடக் கூடாது என்று வேதத்தில் எங்கும் இல்லை.

உங்கள் பாரத்தைச் சில மாதம் சும்மா சுமந்து பாருங்கள். யாரும் பாராட்டாத வாரத்திலும் அது இருக்கிறதா? உங்களை நன்றாகத் தெரிந்த, உங்களால் எந்த லாபமும் இல்லாத இரண்டு பேரிடம் சொல்லுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விக்குக் கோபம் வந்தால், கொஞ்சம் பொறுங்கள். மனம் இருண்டு சோர்ந்திருக்கும் நேரத்தில், முன்பு தெளிவாக எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்று 16ஆம் நூற்றாண்டில் இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலா தன்னிடம் வழிகேட்டு வந்தவர்களுக்குச் சொன்னார். உற்சாகம் பொங்கும்போது அவசரப்பட்டுப் பொருத்தனை பண்ண வேண்டாம் என்றும் எச்சரித்தார். இரண்டுமே இங்கே பொருந்தும். முகாமின் கடைசி இரவில் கண்ணீரோடு எடுத்த முடிவை வைத்து வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு மாதம் போகட்டும்.

அடையாளம் கேட்கலாமா?

கிதியோன் கேட்டார், ஆண்டவரும் பொறுமையாகப் பதில் கொடுத்தார். ஆனால் "இன்றைக்கு ஆர்டர் வந்தால் ஆம், வராவிட்டால் இல்லை" என்று வியாபாரத்தை நடத்த முடியாது. ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடம் கேட்கட்டும் என்று யாக்கோபு எழுதுகிறார். கேளுங்கள், கேட்டுவிட்டுப் புத்தியையும் பயன்படுத்துங்கள்.

படம் வரைவது, பாட்டுக்கு இசை போடுவது, துணி தைத்து விற்பது இதெல்லாம் ஊழியமா?

யாத்திராகமம் 31ஆம் அதிகாரத்தில் பெசலெயேல் என்று ஒருவர் வருகிறார். அவர் பிரசங்கியார் இல்லை, ஆசாரியரும் இல்லை. பொன், வெள்ளி, வெண்கலத்தில் வேலை செய்கிறவர், இரத்தினம் பதிக்கிறவர், மரத்தில் சித்திர வேலை செய்கிறவர். அவரை தேவ ஆவியினால் நிரப்பினேன் என்று ஆண்டவரே சொல்கிறார். நாலு அதிகாரம் தள்ளி இன்னொரு விஷயம் வருகிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை: பிறருக்குப் போதிக்கும் வரத்தையும் அவருக்கும் அகோலியாபுக்கும் கொடுத்தார் என்று. கைவேலையும் கற்றுக்கொடுப்பதும் ஒரே மனுஷனிடம். தொழிலையும் இளைஞர்களையும் சேர்த்து நினைக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் வேதத்தில் எனக்குத் தெரியவில்லை.

ஊழியம் என்று பெயர் வைத்துவிட்டதால் வேலை சுமாராக இருக்கலாம் என்று அர்த்தம் ஆகிவிடாது. தையல் கோணினால் கோணல்தான். பிழையோடு அச்சான வசன அட்டையை வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்தால், சரிசெய்து கொடுங்கள். செய்கிற பொருளில் எல்லாம் வசனம் இருந்தாக வேண்டும் என்பதும் இல்லை. நேரான காலுள்ள ஒரு நாற்காலி, சொன்ன தேதிக்குப் போய்ச் சேர்ந்தால் போதும்.

வேலையை விட்டுவிட்டு விசுவாசத்தில் இறங்கலாமா?

பவுல் கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் வீட்டில் தங்கிக் கூடாரத் தொழில் செய்தார். எபேசு மூப்பர்களிடம் விடைபெறும்போது, என் தேவைகளுக்கும் என்னோடிருந்தவர்களுக்கும் இந்தக் கைகளே உழைத்தன என்று கையைக் காட்டிப் பேசினார். சம்பளம் வாங்கிக்கொண்டே தொடங்குவது விசுவாசக் குறைவு ஆகாது.

கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானா என்று இயேசு கேட்டது லூக்கா 14இல் இருக்கிறது. சீஷத்துவத்தைப் பற்றிச் சொன்னது அது. கேட்டவர்கள் உடனே புரிந்துகொண்டதற்குக் காரணம், அப்படி எந்தப் புத்தியுள்ளவனும் செய்வான் என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே உட்காருங்கள். வீட்டுச் செலவு மாதம் எவ்வளவு என்று மூன்று மாதம் எழுதிப் பாருங்கள். தொழிலில் இருந்து அதில் பாதியாவது தொடர்ந்து வருகிறதா? உங்களுக்குத் தெரியாத, உங்கள் சபையோடு சம்பந்தமில்லாத ஆட்கள் காசு கொடுத்து வாங்குகிறார்களா? சொந்தபந்தம் வாங்குவது அன்பு, அதை வைத்துச் சந்தையைக் கணிக்க முடியாது. குடும்பம் உங்கள் ஒருவர் சம்பளத்தில் ஓடுகிறது என்றால் துணையின் சம்மதம் இல்லாமல் ராஜினாமா கடிதம் எழுதாதீர்கள். "தேவன் சொன்னார்" என்று சொல்லி வீட்டில் வாயடைப்பது நடத்துதல் ஆகாது.

"ஊழியத்துக்குத்தானே, சும்மா செய்து கொடுங்க" என்று சபையார் கேட்கிறார்கள். என்ன செய்வது?

எத்தனை கலைஞர்கள் இதிலேயே சோர்ந்துபோகிறார்கள்! பேனர், பாட்டு வீடியோ, கூட்டத்துக்கு ஒலிப்பதிவு என்று ஒவ்வொன்றாக வரும். மறுத்தால் பக்தி குறைந்துவிட்டது என்பார்கள், மறுக்காவிட்டால் மாதக்கடைசியில் கையில் ஒன்றும் இருக்காது.

வருஷ ஆரம்பத்திலேயே ஜெபித்து ஒரு அளவு வைத்துக்கொள்ளுங்கள்: இவ்வளவு வேலை காணிக்கையாக. அதை மனப்பூர்வமாக, முதல்தரமாகச் செய்யுங்கள். அதற்கும் பில் எழுதுங்கள்; முழுத் தொகையைப் போட்டு, கீழே "காணிக்கை" என்று கழித்துக் காட்டுங்கள். உழைப்பின் மதிப்பு என்ன என்று அவர்களுக்கும் தெரியும், உங்களுக்கும் கணக்கு இருக்கும். அந்த அளவு முடிந்த பிறகு வருகிற வேலைக்கு எல்லோருக்கும் என்ன விலையோ அதுதான். உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடத்தில் தேவன் பிரியமாயிருக்கிறார். முணுமுணுத்துக்கொண்டு செய்து கொடுத்த பேனரில் அந்த உற்சாகம் எங்கே இருக்கிறது?

பணத்தை எப்படிப் பிரிப்பது?

இந்தக் கேள்வியை யாரும் முதலில் கேட்பதில்லை, முதலில் கேட்க வேண்டியதே இதுதான்.

மூன்று பணம் இருக்கிறது: உங்கள் வீட்டுப் பணம், தொழில் பணம், இளைஞர் இடத்துக்காக மற்றவர்கள் கொடுத்த பணம். மூன்றும் மூன்று வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். தொழிலில் இருந்து உங்களுக்கு ஒரு சம்பளம் நிர்ணயித்து எடுத்துக்கொள்ளுங்கள், தேவைப்படும்போதெல்லாம் கல்லாவில் கைவைக்காதீர்கள். தொழில் லாபத்தில் ஒரு பங்கு இளைஞர் இடத்துக்குப் போகும் என்றால், போகிற தேதியும் பங்கும் எழுத்தில் இருக்கட்டும்.

எதிர்த்திசையில் மட்டும் ஒரு ரூபாயும் போகக் கூடாது. யாரோ ஒரு அம்மா, பிள்ளைகள் உட்கார நாற்காலி வாங்கச் சொல்லிக் கொடுத்த பணம் இருக்கும். ஸ்டூடியோ வாடகைக்கு அதைக் கைமாற்றாக எடுத்தால், "அடுத்த வாரம் போட்டுவிடுவேன்" என்பது உண்மையாகவே இருந்தாலும், அன்றைக்கே நம்பிக்கை உடைந்துவிட்டது. எருசலேமுக்கான தர்மப்பணத்தைப் பவுல் தனியாக எடுத்துப் போகவில்லை. கூட ஆட்களை வைத்துக்கொண்டார். யாரும் எங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு என்று 2 கொரிந்தியர் 8இல் காரணத்தையும் எழுதினார். அவரையே சந்தேகப்படுவார்களா என்று நாம் கேட்கலாம். அவர் அப்படிக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

சபையில் ஒருவர் பணம் தந்தால் அது கடனா, முதலீடா, காணிக்கையா என்று அன்றைக்கே கேட்டு, இருவரும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். "நமக்குள்ள என்ன எழுத்து" என்று சொல்லி ஆரம்பித்த விஷயங்கள்தான் பிற்பாடு சபையையே இரண்டாக்கும். காணிக்கை வாங்கும் அமைப்பைப் பதிவு செய்வது, வரி, ரசீது எல்லாம் நீங்கள் இருக்கும் நாட்டுச் சட்டப்படி. முதல் காணிக்கை வாங்குவதற்கு முன்பே ஒரு கணக்காளரைப் பார்த்துவிடுங்கள்.

எதை முதலில் தொடங்குவது?

தொழிலை. இளைஞர் இடம் ஒருமுறை திறந்தால் அங்கே வருகிற பிள்ளை அதை நம்ப ஆரம்பித்துவிடுவான். பணமில்லை என்று மூன்றாம் மாதம் பூட்டினால் அவனுக்கு அது இன்னொரு கைவிடல். அதுவரை காத்திருக்க முடியவில்லையா? சரி, வாரம் ஒரு சாயங்காலம், சபைக் கூடத்திலோ யார் வீட்டிலோ தொடங்குங்கள். செலவு குறைவு, யார் வருகிறார்கள் என்றும் தெரியும். 1844 ஜூன் 6ஆம் தேதி லண்டனில் ஜார்ஜ் வில்லியம்ஸ் ஒய்.எம்.சி.ஏ.வைத் தொடங்கியபோது அவருக்கு வயது 22, துணிக்கடை ஊழியர். கூடியவர்கள் 12 பேர். சேர்ந்து ஜெபிக்கவும் வேதம் படிக்கவும்தான் கூடினார்கள். கூடைப்பந்து அந்த அமைப்பின் பயிற்சிப் பள்ளியில் பிறந்தது 1891இல், அதற்கு 47 வருஷம் கழித்து.

அந்த இடம் எப்படி இருக்க வேண்டும்?

பெரிய திரை, விளையாட்டு மேசை, சுவரில் ஓவியம் என்று பட்டியல் போடத் தோன்றும். அதெல்லாம் இருந்தால் நல்லதுதான். ஆனால் இளைஞர்களைத் திரும்ப வரவைப்பது வேறு: சொன்ன நேரத்துக்குக் கதவு திறந்திருக்க வேண்டும், உள்ளே தெரிந்த முகம் இருக்க வேண்டும். வாரத்தில் இரண்டே நாள் திறந்தாலும் பரவாயில்லை, அந்த இரண்டு நாளும் மழையோ வெயிலோ திறந்திருக்க வேண்டும்.

புதிதாக வருகிற ஒரு பையனை நினைத்துப் பாருங்கள். வாசலில் நிற்பான், போனைப் பார்ப்பது போல் பாவனை செய்வான். உள்ளே எல்லோரும் ஏற்கெனவே சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். "வா தம்பி, உன் பேர் என்ன, எந்த சபை" என்று நாலு பெரியவர்கள் பாய்ந்தால் அடுத்த வாரம் வரமாட்டான். யாருமே கவனிக்காவிட்டாலும் வரமாட்டான். நல்ல பொறுப்பாளர் ஒருவர், "இந்த மேசையை அந்தப் பக்கம் நகர்த்தணும், ஒரு கை பிடிக்கிறியா" என்பார். மேசை நகரும்போது பையனும் உள்ளே வந்துவிடுவான். கையில் வேலை இருக்கும்போது வெட்கம் குறைகிறது. அப்புறம் பேச்சு தானாக வரும். உங்களிடம் ஒரு கலைத்தொழில் இருப்பது இங்கேதான் பெரிய வசதி: அச்சுக்கட்டை, தறி, மைக், இழைப்புளி என்று கொடுப்பதற்கு உங்களிடம் ஏதாவது இருக்கும்.

மற்றபடி: வெளிச்சம், சுத்தமான கழிப்பறை, சார்ஜ் போடப் போதுமான பிளக், அமைதியாக உட்கார ஒரு மூலை, பஸ் கிடைக்கிற நேரத்துக்குள் மூடுவது. இருக்கைகளைச் சுற்றிச் சுற்றிப் போடுங்கள், வரிசையாகப் போட்டால் பிரசங்கம் வரப்போகிறது என்று நினைத்து எழுந்து போவார்கள்.

வேறு மதத்துப் பிள்ளைகளும் நம்பிக்கை இல்லாதவர்களும் வந்தால்?

வரட்டும். ஆனால் இது யார் நடத்தும் இடம் என்பதைப் பலகையிலேயே எழுதுங்கள். இன்ன நாள் வேதபாடம், இன்ன நாள் விளையாட்டும் பயிற்சியும் என்று வெளிப்படையாக இருக்கட்டும். கிட்டார் கற்றுத்தருகிறோம் என்று கூப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்திப் பிரசங்கம் செய்வது சுவிசேஷத்துக்கு அவமானம். பிள்ளைக்கும் அவன் பெற்றோருக்கும் நாம் சொன்ன வார்த்தையில் மாறாமல் இருப்பதே சாட்சி. கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், கேட்காவிட்டாலும் அவனுக்கு அதே நாற்காலி, அதே சிரிப்பு. கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் இயேசு பேச்சைத் தொடங்கியது, குடிக்கத் தண்ணீர் கேட்டுத்தான்.

பாதுகாப்புக்கு என்ன செய்ய வேண்டும்? எல்லோரும் விசுவாசிகள்தானே?

விசுவாசிகள் என்பதால்தான் கூடுதல் கவனம் வேண்டும். பிள்ளைகளுக்குத் தீங்கு செய்ய நினைக்கிறவர், கேள்வி கேட்காத இடத்தைத் தேடி வருவார். ஜெபிக்கத் தெரிந்த ஆளை யாரும் கேள்வி கேட்பதில்லை.

பெரியவர் ஒருவர் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது, ஆலோசனைக்கும் ஜெபத்துக்கும்கூட. கண்ணாடிக் கதவு, அல்லது திறந்த கதவு. எப்போதும் இரண்டு பொறுப்பாளர்களாவது இருக்க வேண்டும். வேலைக்கோ தன்னார்வலராகவோ யாரைச் சேர்த்தாலும் முன்பு இருந்த இடத்தில் விசாரியுங்கள், உங்கள் நாட்டில் காவல்துறைச் சான்று வாங்க வழி இருந்தால் வாங்குங்கள். போதகரின் மகனுக்கும் அதே விதி. பிள்ளைகளோடு போனில் பேசுவது குழுவில் மட்டும், நள்ளிரவுத் தனிச்செய்தி கிடையாது. பெற்றோர் அனுமதி இல்லாமல் போட்டோ எடுத்துப் போடாதீர்கள்.

பிள்ளை ஒருவர் தனக்கு நடந்ததைச் சொன்னால், நம்புங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். சட்டம் எந்த அதிகாரியிடம் சொல்லச் சொல்கிறதோ அங்கே அன்றைக்கே சொல்லுங்கள். சபை மூப்பர்கள் கூடி மன்னித்து முடித்துவிடுகிற விஷயமே இல்லை இது. சபையின் பெயர் கெட்டுவிடுமே என்று ஒரு பிள்ளையை மவுனமாக்கினால், அந்தப் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறோம்?

இளைஞர்களை என் தொழிலில் வேலைக்கு வைக்கலாமா?

வைக்கலாம், சம்பளம் கொடுத்து. இத்தாலியில் துரின் நகரத்தில் ஜான் போஸ்கோ என்ற கத்தோலிக்கக் குரு 1841இலிருந்து தெருவில் திரிந்த, ஊரை விட்டு வேலை தேடி வந்த பையன்களைச் சேர்த்துக்கொண்டார். அவர்களை வேலைக்கு அனுப்பியபோது முதலாளிகளோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டார். 1850களின் தொடக்கத்து ஒப்பந்தங்கள் இன்றும் இருக்கின்றன: பையனைச் சொல்லால் மட்டுமே திருத்த வேண்டும், அடிக்கக் கூடாது, ஞாயிறும் பண்டிகை நாளும் விடுமுறை என்று. பிறகு அவரே செருப்பு, தையல், புத்தகக் கட்டு, தச்சு, அச்சு என்று பட்டறைகளைத் தொடங்கினார்.

அப்படியே நீங்களும் எழுதுங்கள்: எத்தனை மணி நேரம், எவ்வளவு கூலி, படிப்புக்கு இடைஞ்சல் இல்லாத நேரம். குறைந்தபட்ச வயதும் கூலியும் சட்டத்தில் இருப்பதுதான். உங்களிடம் வேலை செய்யும் ஓர் இளம்பெண் வரைந்த படத்தை நீங்கள் அச்சிட்டு விற்றால், அட்டையில் அவள் பெயர் இருக்க வேண்டும், லாபத்தில் அவளுக்குப் பங்கும் இருக்க வேண்டும். "ஊழியத்துக்குத்தானே" என்ற சொல்லை உங்களிடம் சொன்னபோது எப்படி வலித்ததோ, அதையே நீங்கள் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

அக்கம்பக்கத்தார் சத்தம் என்று புகார் செய்கிறார்கள்.

ஜான் போஸ்கோவையும் இதே காரணத்துக்காக இடம் இடமாக விரட்டினார்கள். 1846 ஈஸ்டரில்தான் ஒரு கொட்டகை நிரந்தரமாகக் கிடைத்தது. திறப்பதற்கு முன்பே பக்கத்து வீடுகளுக்குப் போய் உங்கள் எண்ணைக் கொடுங்கள், எத்தனை மணிக்கு மூடுவோம் என்று சொல்லுங்கள். புகார் வந்தால் உபத்திரவம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கும்.

போதகர் இதைச் சபையின் கீழ் கொண்டுவரச் சொல்கிறார்.

இளைஞர் இடத்தைக் கொண்டுவருவது நல்லது, மேற்பார்வை கிடைக்கும். தொழிலைக் கொண்டுவர வேண்டாம். நஷ்டம் வந்தால் யார் பொறுப்பு, வாங்கிய சாமான் யாருடையது, போதகர் மாறினால் என்ன ஆகும் என்பதைப் பணிவாக, இப்போதே பேசுங்கள்.

சரிவராமல் போனால்?

தொடங்கும்போதே ஒரு தேதி குறியுங்கள். அந்தத் தேதியில் முதல் கேள்வியில் சொன்ன அந்த இரண்டு பேரோடு உட்கார்ந்து கணக்கைத் திறங்கள். இவ்வளவு நஷ்டத்துக்கு மேல் போகமாட்டோம் என்ற எல்லையும் முன்பே எழுதியிருக்கட்டும். நஷ்டத்தில் இருக்கும்போது அந்த எல்லையைப் போட மனம் வராது. தொழிலை மூடினால் கடன்காரரை நீங்களே தேடிப் போய்ப் பாருங்கள், எப்போது எவ்வளவு தருவீர்கள் என்று சொல்லுங்கள், சொன்னபடி கொடுங்கள்.

இளைஞர் இடத்தை மூட வேண்டி வந்தால் பூட்டைப் பார்த்துப் பிள்ளைகள் தெரிந்துகொள்ளக் கூடாது. ஒரு மாதத்துக்கு முன்பே உட்காரவைத்துக் காரணத்தைச் சொல்லுங்கள். அவர்களில் சிலருக்கு உங்களைவிட நல்ல யோசனை இருக்கலாம், கேளுங்கள். கடைசி நாள் எது என்று எழுதி ஒட்டுங்கள். தொடர்ந்து யாரோடு பேசலாம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பெரியவரின் பெயர் தெரிந்திருக்கட்டும். காணிக்கையாக வந்த நாற்காலிகளைக் கொடுத்தவர்களிடம் கேட்டு, இதே வேலையைச் செய்யும் இன்னொரு இடத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.